உயிர்களுக்கு யார் பெயர் வைக்கிறார்கள், எப்படி அடையாளம் காண்கிறார்கள்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு வார இறுதிகளில் உயிரியல் படிக்கும் சிறு குழு ஒன்றை நடத்துகிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எண்ணூர் முகத்துவாரம், கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரத்துப் புதர் என்று எங்கே போனாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள், மீன் விற்கும் அம்மாக்கள் கேட்கிறார்கள், வலைக்காரர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதிலைத் தொகுத்திருக்கிறேன். எளியதில் தொடங்கிச் சிக்கலானதற்குப் போகும்.

நாங்க வஞ்சிரம்ன்றோம், தூத்துக்குடிக்காரர் சீலான்றார். யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரி. காசிமேட்டில் வஞ்சிரம் என்று ஏலம் போகும் மீனைத் தெற்கே சீலா என்றும் நெய்மீன் என்றும் சொல்வார்கள். நம் பக்கத்தில் சீலா கேட்டால் நீண்ட வாயும் கூரான பல்லும் உள்ள வேறு மீனை எடுத்துப் போடுவார்கள். போனில் சரக்கு பேசும் வியாபாரிக்கு இதனால் விலையே மாறிப்போகும்.

அறிவியல் பெயர் தேவைப்படுவது இங்கேதான். வஞ்சிரம் என்பது ஸ்காம்பரோமோரஸ் கமர்சன். நம்முடைய சீலா ஸ்ஃபைரீனா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய சொந்தமான உயிர்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. ராயபுரத்தில் சொன்னாலும் ஜப்பானில் சொன்னாலும் அந்தப் பெயர் அந்த மீனையே குறிக்கும். இதனால் ஊர்ப்பெயர் தப்பாகிவிடாது. ஊருக்குள் அது நன்றாகவே வேலை செய்கிறது, ஊர் எல்லையைத் தாண்டும்போதுதான் தடுமாறுகிறது.

இனம் காண்றது, பேர் வைக்கிறது, வகைப்படுத்தறது எல்லாம் ஒண்ணுதானே சார்?

மூன்றும் தனித்தனி வேலைகள். என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. அதனால் இந்தப் பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

வகைப்படுத்துவது என்றால் எது எதற்குச் சொந்தம் என்று கண்டறிந்து கூட்டம் கூட்டமாகச் சேர்ப்பது. பெயரிடுவது என்றால் அப்படிச் சேர்த்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் விதிப்படி ஒரே ஒரு பெயர் கொடுப்பது. இனங்காண்பது என்றால் என் கையிலிருக்கும் இந்த நண்டு ஏற்கெனவே பெயர் பெற்ற எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்வது.

முதலாவது ஆராய்ச்சி, புதுச் சான்று வந்தால் மாறும். இரண்டாவது விதிகளின்படி நடப்பது. விலங்குகளுக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு, தாவரம், பாசி, பூஞ்சைகளுக்கு ஒன்று, பாக்டீரியாக்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. மூன்றாவது பயிற்சி, கண்ணும் கையும் பழகப் பழக வருவது. கூடையை எட்டிப் பார்த்தே மீன் பெயர் சொல்லும் காசிமேட்டுப் பெண்கள் இந்த மூன்றாவதில் பல பட்டதாரிகளைவிடக் கெட்டிக்காரர்கள்.

எதுக்கு ரெண்டு சொல்? ஒண்ணு போதாதா?

முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் எந்தச் சிற்றினம் என்பதைக் காட்டும். தெருவில் திரியும் சாம்பல் கழுத்துக் காக்கை கோர்வஸ் ஸ்ப்ளெண்டன்ஸ். உடம்பெல்லாம் கருத்து, அலகு தடித்த அண்டங்காக்கை கோர்வஸ் மேக்ரோரிங்கோஸ். முதல் சொல் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததுமே இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துவிடுகிறது.

இதை எல்லா உயிர்களுக்கும் ஒழுங்காகக் கொண்டுவந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ். அதற்கு முன் ஒரு செடியின் பெயர் என்பது ஒரு வரி நீளத்துக்கு லத்தீன் வர்ணனையாக இருந்தது. தாவரப் பெயர்களுக்கு அவர் 1753-இல் வெளியிட்ட நூலும், விலங்குப் பெயர்களுக்கு 1758-இல் வந்த அவருடைய இன்னொரு நூலின் பத்தாம் பதிப்பும் தொடக்கம். அதற்கு முந்தைய பெயர்கள் விதிப்படி கணக்கில் வராது.

இரண்டு சொல்லும் ஒன்றாகவே இருக்கலாமா என்றும் கேட்பார்கள். விலங்குகளில் இருக்கலாம்: நல்ல பாம்பு நாஜா நாஜா, புள்ளிமான் ஆக்சிஸ் ஆக்சிஸ். தாவரங்களில் அதற்கு அனுமதி இல்லை.

பேருக்குப் பின்னாடி ஒரு ஆள் பேரும் வருஷமும் போடறாங்களே, சில நேரம் அடைப்புக்குறிக்குள்ள. அது ஏன்?

அந்தச் சிற்றினத்தை முதலில் விவரித்து வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு என்ற தகவல் அது. கானாங்கெளுத்தியை ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா (குவியே, 1816) என்று எழுதுவார்கள். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இதை ஸ்காம்பர் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தைத்தான் அடைப்புக்குறி சொல்கிறது. மடவைக்கு முகில் செஃபாலஸ் லின்னேயஸ், 1758 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுகிறோம், ஏனென்றால் லின்னேயஸ் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருக்கிறது.

எல்லாம் வாய்ல நுழையாத லத்தீன். நம்ம ஊர்ப் பேர், தமிழ்ப் பேர் எதுவும் உள்ள போகலியா?

போயிருக்கிறது. முருங்கையின் பேரினமே மொரிங்காதான். மேலே சொன்ன கனகுர்த்தா தெலுங்குக் கரையில் அந்த மீனை அழைத்த பெயர். பெயர் லத்தீன் இலக்கணத்துக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம்.

மெட்ராஸும் இருக்கிறது. 1690-களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் இந்த ஊர்ச் சுற்றுவட்டாரச் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, உள்ளூர்ப் பெயரோடும் மருத்துவப் பயனோடும் லண்டனுக்கு அனுப்பினார். அவை இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லின்னேயஸ் 1753-இல் கீழாநெல்லியின் உறவுச் செடி ஒன்றுக்கு ஃபில்லாந்தஸ் மதராஸ்பதென்சிஸ் என்று பெயர் வைத்தார். மெட்ராஸைச் சேர்ந்தது என்று பொருள். நம் ஊர்ச் செடிகளுக்கு உள்ளூர்ப் பெயர் சொல்லி, பயன் சொன்னவர்கள் நம் ஊர் மனிதர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கருப்பு வவ்வாலும் வெள்ளை வவ்வாலும் அண்ணன் தம்பிதானே?

இல்லை. கருப்பு வவ்வால், அதாவது பாராஸ்ட்ரோமேட்டியஸ் நைஜர், பாரை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளை வவ்வால் பாம்பஸ் என்ற பேரினம், வேறு குடும்பம். தட்டையான, அகன்ற உடம்பு இரண்டுக்கும் இருப்பதால் சந்தையில் ஒரே பெயர் கிடைத்துவிட்டது. கருப்பு வவ்வாலின் வால் அடியில் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள், சிறு சிறு கெட்டித் தகடுகள் தட்டுப்படும். பாரைகளிலும் அதே தகடுகள் உண்டு. வெள்ளை வவ்வாலில் அது கிடையாது.

வகைப்படுத்துவதில் அடிப்படைப் பாடம் இதுதான். வடிவம் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் சொந்தம் ஆகாது, பொதுவான மூதாதையிடமிருந்து வந்த அடையாளம் எது என்று தேட வேண்டும். வெள்ளை வவ்வாலிலும் ஒரு செய்தி இருக்கிறது. நம் கடலில் கிடைப்பதை நெடுங்காலம் பாம்பஸ் அர்ஜெண்டியஸ் என்றே எழுதிவந்தார்கள். 2019-இல் இந்திய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, வட இந்தியப் பெருங்கடலில் இருப்பது பாம்பஸ் கேண்டிடஸ் என்ற தனிச் சிற்றினம் என்று காட்டினார்கள். அது குவியே காலத்திலேயே வைத்த பெயர்தான். இடையில் கிடப்பில் போயிருந்தது.

அப்போ மீன்னா என்ன? இறா, கடம்பா, திமிங்கலம் எல்லாம் மீன்ல சேருமா?

இறாலும் நண்டும் கணுக்காலிகள், பூச்சிகளின் கூட்டம். கடம்பா என்னும் கணவாய் மெல்லுடலி, ஆழி என்று நாம் சொல்லும் சிப்பிக்கும் நத்தைக்கும் சொந்தம். திமிங்கலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி. இந்த மூன்றும் மீன் இல்லை.

சரி, வஞ்சிரம், சுறா, திருக்கை எல்லாம் மீன்தானே என்றால், ஆம், பேச்சில் மீன்தான். ஆனால் உறவு முறையில் பார்த்தால் மீன் என்பது ஒரே குடும்ப மரத்தின் முழுக் கிளை இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் நுரையீரல் மீன்கள், வஞ்சிரத்தைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். எண்ணூரில் பார்க்கும் அலையாத்தியும் இப்படித்தான். உப்புச் சேற்றில் வாழப் பழகிய பல குடும்பத்து மரங்களுக்கு நாம் வைத்த பொதுப்பெயர் அது, ஒரு வம்சத்தின் பெயர் அல்ல.

குடும்பம், வரிசை, வகுப்புன்னு படி எல்லாம் இயற்கையிலயே இருக்கா, நாம போட்ட கோடா?

காக்கையை எடுத்துக்கொள்வோம். விலங்கு உலகம், முதுகுநாணித் தொகுதி, பறவை வகுப்பு, பாசரிஃபார்மிஸ் வரிசை, கோர்விடே குடும்பம், கோர்வஸ் பேரினம், ஸ்ப்ளெண்டன்ஸ் சிற்றினம். இதில் உறவு உண்மையானது. காக்கை மீன்கொத்தியைவிடச் சிட்டுக்குருவிக்கு நெருக்கம் என்பது நடந்த வரலாறு. ஆனால் எந்த இடத்தில் குடும்பம் என்று கோடு போடுவது, எங்கே வரிசை என்று போடுவது என்பது ஆய்வாளர்கள் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு. ஒரு பூச்சிக் குடும்பமும் ஒரு பறவைக் குடும்பமும் ஒரே அளவு பழமையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சிற்றினம் மட்டும் கொஞ்சம் வேறு. தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து, மற்றவற்றோடு கலக்காமல் இருக்கும் கூட்டம் ஒரு சிற்றினம் என்று 1942-இல் எர்ன்ஸ்ட் மேயர் சொன்ன வரையறைதான் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நல்ல வரையறை, ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது. பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுகிறது, புதைபடிவம் இனப்பெருக்கமே செய்யாது. தென்னிந்திய அண்டங்காக்கையைத் தனிச் சிற்றினமாகப் பிரித்து கோர்வஸ் கல்மினேட்டஸ் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், மேக்ரோரிங்கோஸிலேயே வைப்பவர்களும் இருக்கிறார்கள். பிரிந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் கோடு எங்கே விழும் என்பதில் கருத்து வேறுபாடு வருவது இயல்பு.

ஸ்கூல்ல அஞ்சு உலகம்னு படிச்சோம். காலேஜ்ல மூணுன்னு சொல்றாங்க?

ஐந்துலக வகைப்பாடு 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் கொடுத்தது. கார்ல் வோஸ் 1977-இல், செல்லுக்குள் புரதம் உருவாக்கும் ரைபோசோமின் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, பாக்டீரியாபோலத் தெரியும் ஒரு கூட்டம் உண்மையில் முற்றிலும் தனி வம்சம் என்று காட்டினார். அதுதான் ஆர்க்கியா. அதிலிருந்து பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உள்ளவை என்று மூன்று பேரரங்கு முறை வந்தது. பேரரங்கு என்பது உலகத்துக்கும் மேலே வைக்கும் பிரிவு. தேர்வில் கேள்வி எந்த முறையைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், காளான் செடியைவிட விலங்குக்குத்தான் நெருக்கம்.

செடியைப் பாத்தவுடனே குடும்பம் சொல்றீங்களே, எதைப் பாக்கறீங்க?

பூவை. இலை வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப மாறிவிடும், பூவின் அமைப்பு அவ்வளவு சுலபத்தில் மாறாது. ரயில்வே குடியிருப்பு ஓரத்தில் நிற்கும் பூவரசு மரம், வீட்டு வாசல் செம்பருத்தி, தோட்டத்து வெண்டை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து குழாயாகி, சூல்தண்டைச் சுற்றி நிற்கும். மால்வேசி குடும்பத்தின் முத்திரை அது. பருத்தியும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அதேபோல ஆல், அரசு, அத்தி மூன்றும் ஃபைகஸ் என்ற ஒரே பேரினம். பூ முழுவதும் பழம்போலத் தெரியும் அந்த உருண்டைக்குள்ளே ஒளிந்திருக்கும்.

கீழாநெல்லி பறிப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் செடி. நாட்டு மருந்துக் கடைச் சரக்கை ஆய்வு செய்தபோது ஃபில்லாந்தஸ் அமாரஸோடு அதே பேரினத்தின் வேறு சிற்றினங்களும் கலந்திருப்பது தென்னிந்தியாவில் தெரியவந்திருக்கிறது. காய்க்கு நீளமான காம்பு இருக்கிறதா, காயின் மேல் சொரசொரப்பா வழவழப்பா, இலை அடி குறுகியதா உருண்டதா என்று பாருங்கள். மருந்தாகச் சாப்பிடும் முன் மருத்துவரிடமும் காட்டுங்கள், காமாலைக்குக் காரணங்கள் பல.

"கீ" வெச்சு கண்டுபிடிங்கன்னு லேப்ல சொல்றாங்க. எப்படி அதைப் படிக்கிறது?

திறவுகோல் என்பது இரண்டு இரண்டாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போகும் பட்டியல். ஒவ்வொரு படியிலும் ஆமா, இல்லையா என்று முடிவெடுத்தால் மீதி கழிந்துகொண்டே வந்து கடைசியில் ஒரு பெயரில் நிற்கும். வஞ்சிரக் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வளைந்த கோடுகள், பக்கக்கோடு (செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை உடலின் பக்கத்தில் ஓடும் கோடு) இரண்டாம் முதுகுத் துடுப்பின் முடிவில் சடாரென்று கீழே இறங்குகிறதா? ஆமா என்றால் கமர்சன். இல்லை என்றால் அடுத்த படி: உடலில் புள்ளிகளா, கிடைமட்டச் சிறு கோடுகளா? புள்ளி என்றால் ஸ்காம்பரோமோரஸ் குட்டாட்டஸ், சிறு கோடு என்றால் ஸ்காம்பரோமோரஸ் லினியோலேட்டஸ்.

இரண்டு எச்சரிக்கை. எந்த ஊருக்கு எழுதிய திறவுகோல் என்று முதலில் பாருங்கள். ஐரோப்பியத் திறவுகோலில் நம் மீனைப் போட்டால் அதுவும் ஏதோ ஒரு பெயரைக் கொடுக்கத்தான் செய்யும். அப்புறம், வந்த பெயரோடு நின்றுவிடாமல் முழு விவரணையையும் படித்து ஒத்துப்பாருங்கள்.

போன்ல போட்டோ எடுத்தா ஆப்பே பேர் சொல்லுது. இதெல்லாம் எதுக்கு கத்துக்கணும்?

ஆப் நல்ல கருவி, பிள்ளைகளிடம் நானே பயன்படுத்தச் சொல்கிறேன். ஆனால் அது படத்தைப் பார்த்து ஊகிக்கிறது. வால் அடித் தகட்டை அது தடவிப் பார்க்க முடியாது, இலையைக் கசக்கி முகர முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் மற்றவர்களும் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் ஒரு பதிவு ஆய்வுத் தரம் பெறுகிறது. அப்படி ஒத்துக்கொள்ளும் ஆளாக நீங்கள் ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

படம் எடுக்கும்போது அழகுக்காக ஒன்று, அடையாளத்துக்காக நாலு என்று எடுங்கள். செடி என்றால் முழுச் செடி, இலையின் இரண்டு பக்கம், பூவின் உள்பகுதி, காய். நண்டு என்றால் முதுகு, வயிறு, நெற்றி, கொடுக்கு. பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். இடமும் தேதியும் இல்லாத படம் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது.

வலையில பாம்பு மாதிரி வருது. விலாங்கா, கடல்பாம்பான்னு எப்படித் தெரியும்?

முதலில், கையால் தொடாமல் பாருங்கள். கடல்பாம்புக்கு வால் துடுப்புப் பலகைபோலப் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், உடம்பெல்லாம் செதில் தெரியும், செவுள் கிடையாது. விலாங்குக்குத் தலைக்குப் பின்னால் செவுள் துளை இருக்கும், முதுகு நெடுக ஓடும் துடுப்பு வாலைச் சுற்றிவரும், தோல் வழவழப்பாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் பாம்பு என்றே வைத்துக்கொண்டு நீளக் கழியால் கடலில் தள்ளிவிடுங்கள். கடித்திருந்தால் வலி இல்லை என்று வீட்டில் உட்காராமல் உடனே அரசு பொது மருத்துவமனைக்குப் போங்கள்.

இதிலும் வகைப்பாட்டுப் பாடம் ஒன்று உண்டு. அலகுபோல மூக்கு நீண்ட ஒரு கடல்பாம்பு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பதாகவும், இரண்டும் ஒரே சிற்றினம் என்றும் நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது இரண்டும் நெருங்கிய சொந்தம்கூட இல்லை, தனித்தனியாக ஒரே மாதிரித் தோற்றத்துக்கு வந்தவை என்று தெரிந்தது. நம் கரையில் இருப்பது ஹைட்ரோஃபிஸ் ஸ்கிஸ்டோசஸ். விஷமுறிவு மருந்து பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

பேரை ஏன் மாத்திக்கினே இருக்காங்க? பரீட்சைக்கு எதை எழுதறது?

இரண்டு காரணம். ஒன்று, உறவு பற்றிய அறிவு மாறும்போது பேரினம் மாறும். சீமைக்கருவேலம் நெடுங்காலம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராவாக இருந்தது. அந்தப் பேரினத்துக்குள் பல வம்சங்கள் கலந்திருப்பதாகத் தெரிந்ததால் 2022-இல் பிரித்து நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆக்கினார்கள். பண்ணைகளில் வளர்க்கும் வெனாமி இறால் லிட்டோபினேயஸ் வன்னாமி ஆனது 1997-இல். பிறகு டிஎன்ஏ ஆய்வு அந்தப் பிரிவை ஆதரிக்கவில்லை என்று பலர் மறுபடி பினேயஸ் வன்னாமி என்றே எழுதுகிறார்கள். இரண்டாம் சொல் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள், தேடும்போது அதைப் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

இன்னொரு காரணம் விதி. ஒரே உயிருக்கு இருவர் பெயர் வைத்திருந்தால் முந்தியது நிற்கும். ஆனால் விதிக்கு விலக்கும் உண்டு. அகேசியா என்ற பெயர் நம் கருவேலம் போன்றவற்றுக்கா, ஆஸ்திரேலிய மரங்களுக்கா என்று பெரிய தகராறே நடந்தது. 2005-இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, 2011-இல் மெல்பர்ன் மாநாடு அதை உறுதிசெய்தது. நம் கருவேலம் வசெல்லியா நைலோட்டிகா ஆனது. தேர்வுக்குப் பாடப்புத்தகத்தில் உள்ள பெயரை எழுதுங்கள், முடிந்தால் புதுப் பெயரையும் பக்கத்தில் சேருங்கள்.

டைப் ஸ்பெசிமன்னு ஒண்ணு சொல்றாங்களே. ஒரு செத்த நண்டை எதுக்கு நூறு வருஷம் பாதுகாக்கணும்?

ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறித்துப் பாதுகாக்கும் மாதிரிதான் டைப் ஸ்பெசிமன். ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்று தகராறு வந்தால் போய்ப் பார்க்க வேண்டிய பொருள் அதுதான். கடைக்காரரின் எடைக்கல்லில் சந்தேகம் வந்தால் முத்திரைக் கல்லோடு ஒப்பிடுவதுபோல. டைப் ஸ்பெசிமன் அந்தச் சிற்றினத்திலேயே அழகானதாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டியதில்லை. பெயர் அதோடு கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

சேற்று நண்டின் கதையைப் பாருங்கள். ஸ்கில்லா பேரினத்தில் எத்தனை சிற்றினம் என்பதில் பல காலம் குழப்பம். 1998-இல் கீனனும் சக ஆய்வாளர்களும் பழைய மாதிரிகளையும் மரபணுத் தகவலையும் வைத்து நான்கு என்று முடிவு செய்தார்கள். அதில் ஒன்று ஸ்கில்லா டிராங்கேபாரிக்கா, தரங்கம்பாடியின் பெயரால் 1798-இல் ஃபாப்ரீசியஸ் வைத்தது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு பார்த்தால், இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் பெரிய பச்சை நண்டை டிராங்கேபாரிக்கா என்றும் சிறிய சிவப்புக் கொடுக்கு நண்டை செர்ராட்டா என்றும் எழுதியிருந்தது தெரிந்தது. உண்மையில் பெரியது செர்ராட்டா, சிறியது ஒலிவேசியா. பழைய கட்டுரையில் செர்ராட்டாவின் வளர்ச்சி வேகம் என்று படித்துவிட்டு நண்டு வளர்ப்பில் இறங்குகிறவர், எந்த நண்டைப் பற்றிய கணக்கு அது என்று முதலில் கேட்க வேண்டும். கொடுக்குக்கு முந்தைய கணுவின் வெளிப்பக்கம் இரண்டு கூரான முள் இருந்தால் செர்ராட்டா. மழுங்கி, பெரும்பாலும் ஒன்றே இருந்தால் ஒலிவேசியா.

பேர் தப்பானா என்ன ஆயிடப்போகுது? மீன் மீன்தானே?

சட்டமே தடுமாறும். சுறாபோல உடலும் திருக்கைபோலத் தட்டையான தலையும் உள்ள உளுவை மீன்கள் அழிந்துவருவதால் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் ரிங்கோபேட்டஸ் டிஜிடென்சிஸ் என்ற பெயரைச் சேர்த்தார்கள். அந்தச் சிற்றினம் மேற்கு இந்தியப் பெருங்கடலில்தான் உண்டு, நம் வலையில் வரும் உளுவைகள் வேறு சிற்றினங்கள் என்று பின்னர் வகைப்பாட்டாளர்கள் தெளிவாக்கினார்கள். காப்பாற்ற நினைத்த மீன் ஒன்று, எழுதிய பெயர் இன்னொன்று. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது பட்டியல் விரிவானது.

டிஎன்ஏ பாத்தா முடிஞ்சது. அப்புறம் செதில் எண்றது, முள் எண்றது எல்லாம் எதுக்கு?

2003-இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த டிஎன்ஏ பார்கோடு முறையில் விலங்குகளுக்கு ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படிப்பார்கள். துண்டு போட்ட மீனையும், உருவமே இல்லாத லார்வாவையும் இதனால் இனங்காணலாம். அருமையான கருவி.

ஆனால் படித்த வரிசையை எதோடு ஒப்பிடுவீர்கள்? யாரோ ஒருவர் முழு மீனைக் கையில் வைத்து, முள் எண்ணி, சரியான பெயர் கொடுத்துப் பதிந்த தகவலோடு. அந்த முதல் பெயர் தப்பு என்றால் கணினி அந்தத் தப்பையே திருப்பிச் சொல்லும். மேலே சொன்ன நண்டுக் குழப்பம் டிஎன்ஏ தரவுத்தளங்களுக்குள்ளும் போயிருக்கிறது. சமீபத்தில் பிரிந்த சிற்றினங்களை இந்த ஒரு மரபணு பிரித்துக் காட்டாது என்பதும் உண்டு.

எல்லா கொசுவும் கொசுதானே? அதுல என்ன வகை பாக்கறது?

வடசென்னையில் இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். சாக்கடையில் பெருகி யானைக்கால் பரப்புவது கியூலெக்ஸ், உட்காரும்போது உடம்பு சுவருக்கு இணையாக இருக்கும். காலில் வெள்ளை வளையம் போட்டு, டெங்கு பரப்புவது ஈடிஸ் எஜிப்டி, வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகும். பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து உட்காருவது அனாஃபிலஸ். நகர மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும். எந்தக் கொசு என்று தெரியாமல் சாக்கடையில் மட்டும் மருந்து அடித்தால் மலேரியா குறையாது.

இன்னும் சிக்கலும் உண்டு. கிராமப்புற மலேரியாவின் அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸ் பார்வைக்கு ஒன்று, உண்மையில் ஐந்து சிற்றினங்கள். ஏ முதல் ஈ வரை எழுத்தால் குறிக்கிறார்கள். அதில் பி மலேரியாவைச் சரியாகப் பரப்பாது. குரோமோசோமையோ டிஎன்ஏவையோ பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

காக்கா ஆழின்னு ஆத்துல வந்து கெடுக்குதே, அது எங்கேருந்து வந்துச்சு? அதை யார் கண்டுபிடிச்சாங்க?

முதலில் பார்த்தவர்கள் எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள். பச்சை ஆழி, மஞ்ச மட்டி இரண்டையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கருத்த சிறிய ஆழி புதிது என்று உடனே தெரிந்துவிட்டது, பெயரும் வைத்துவிட்டார்கள். கொசஸ்தலை ஆற்றின் அடியில் கம்பளம்போலப் படர்ந்து சேற்றை மூடிவிடுகிறது. இறால் புதைய இடமில்லை, மட்டி வளர இடமில்லை, கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களுக்குப் பிழைப்பு போகிறது.

அதன் அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா, சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகள். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியும், சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரிலும் இப்படிப்பட்டவை பயணம் செய்கின்றன. பெயர் தெரிந்ததும் என்ன ஆயிற்று என்றால், கேரளக் காயல்களிலும் சிங்கப்பூரிலும் பிலிப்பைன்ஸிலும் இதே உயிர் என்ன செய்தது என்ற தகவல் எல்லாம் கைக்கு வந்தது. பழைய கட்டுரைகளில் இதை மைடெல்லா சாருவானா என்று தேடினால்தான் கிடைக்கும். 1843-இல் ஹேன்லி வைத்த ஸ்ட்ரிகேட்டா முந்தியது என்று 2018-இல் தெளிவானது, முந்திய பெயர் நிற்கும் என்ற விதியைப் பெயர் மாற்றக் கேள்வியிலேயே பார்த்தோம். மீனவர் சொன்னபோதே ஒருவர் ஆற்றில் இறங்கி, ஒரு கைப்பிடி எடுத்து, பெயரைத் தேடியிருந்தால் எவ்வளவு காலம் மிச்சமாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சா என் பேரை வெக்கலாமா?

விலங்கு விதிகளில் நேரடித் தடை இல்லை, ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை, பண்பாகக் கருதமாட்டார்கள். ஆசிரியர் பெயரையோ ஊர்ப் பெயரையோ வைக்கலாம். அதைவிட முக்கியம், அது புதுசுதான் என்று நிரூபிப்பது. நெருங்கிய சிற்றினங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுதி, மாதிரியை அருங்காட்சியகத்தில் வைத்து, முறையாக வெளியிட்டால்தான் பெயர் செல்லும். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002-இன்படி புதிய உயிரினத்தின் மாதிரியை அதற்கென்று குறித்த காப்பகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். அந்தச் சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையம் நம் தரமணியில்தான் இருக்கிறது.

சரி, அடையாளம் தெரியாத ஒண்ணு கெடச்சா யார்கிட்ட கொண்டுபோய்க் காட்டறது?

கடல் உயிர்கள் என்றால் சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மையம் இருக்கிறது. செடி என்றால், உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைத்திருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தைக் கேட்கலாம், பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் இருப்பது கோயம்புத்தூரில். போகும் முன் நல்ல படங்களை அனுப்பிக் கேளுங்கள். மீனாக இருந்தால் ஐஸில் வையுங்கள், செடியாக இருந்தால் பூவோடு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்துங்கள். எங்கே, எந்தத் தேதி, எந்த வலையில், எவ்வளவு ஆழத்தில், உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள், மை ஈரத்தில் கரைந்துவிடும். கடல்குதிரை, கடல் அட்டை, கடல்பாம்பு, ஆமை போன்றவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, அவற்றை எடுத்துவராமல் படம் மட்டும் எடுத்து, உயிரோடு இருந்தால் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.